உண்மை அட்டவணையில் காலத்துக்கு ஒரு நெடுவரிசை இல்லை

மூன்றாம் செமஸ்டரில், டிஜிட்டல் ஆய்வகத்தில், 7476 என்ற ஐசியை (சுற்றுச் சில்லை) வைத்து, துடிப்புகளை எண்ணும் ஒரு 4 பிட் கவுண்ட்டர் அமைக்கச் சொன்னார்கள். 16 பின் உள்ள ஐசி என்றால் 16ஆம் பின்னில் 5 வோல்ட்டும் 8ஆம் பின்னில் கிரவுண்டும் கொடுக்க வேண்டும் என்று அதுவரை பழகியிருந்த நான், அப்படியே வயர்களைச் செருகிவிட்டு, எல்இடிகள் ஏன் அசையவே இல்லை என்று மதியம் முழுவதும் என் சுற்றின் வடிவமைப்பையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். லேப் முடியும் தறுவாயில் ஆய்வக உதவியாளர் அண்ணா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "76க்கு அஞ்சுல வோல்ட்டு, பதிமூணுல கிரவுண்டும்மா. மத்தது மாதிரி கிடையாது" என்றார். வடிவமைப்பில் பிழையே இருக்கவில்லை. பிழை எங்கே இருக்கிறது, சிந்தனையிலா வயரிலா என்று பிரித்தறிய எனக்கு ஒரு வழி இல்லாமல் போனதுதான் அன்றைய சிக்கல்.

ஆறாம் செமஸ்டரில் மினி புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேட்டபோது அந்த மதியம்தான் நினைவுக்கு வந்தது. சுற்றைத் திரையில் வரைந்து, ஸ்விட்சைத் தட்டி, வெளியீடு எப்படி மாறுகிறது என்று பார்க்க உதவும் ஒரு லாஜிக் சிமுலேட்டரை எழுதுவது என்று நாங்கள் மூவரும் முடிவு செய்தோம். இத்தகைய மென்பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். கார்ல் பர்ச் 2001இல் எழுதத் தொடங்கி 2014இல் மேம்பாட்டை நிறுத்திய லாஜிஸிம் இன்றும் பல கல்லூரிகளில் பயன்பாட்டில் இருக்கிறது. பெங்களூரு ஐஐஐடி மாணவர்கள் தொடங்கிய சர்க்யூட்வெர்ஸ் இணைய உலாவியிலேயே இயங்குகிறது. அவற்றை மிஞ்ச வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு இல்லை. 0, 1 என்ற உள்ளீடுகளைப் பார்த்து 0 அல்லது 1ஐ வெளியிடும் ஒரு கேட்டின் வெளியீடு மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை, ஒவ்வொரு படியையும் நாமே எழுதித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை இருந்தது. அந்த ஆசை எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையே இந்தப் பதிவில் எழுதுகிறேன்.

ஆய்வகக் கணினிகளில் எதையும் நிறுவ அனுமதி கிடைப்பது கடினம் என்பதால், உலாவியில் ஓடும்படி ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதினோம். கேட்களை இழுத்து வைப்பது, வயர் வரைவது, அழிப்பது, சேமிப்பது ஆகியவற்றுக்கே முதல் மாதம் போய்விட்டது. அவற்றில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். வயர் என்றால் ஒரு கேட்டின் வெளியீட்டிலிருந்து இன்னொரு கேட்டின் உள்ளீட்டுக்குச் செல்லும் கோடு என்றுதான் முதலில் எழுதியிருந்தோம். ஒரு வயரின் நடுவிலிருந்து இன்னொரு வயர் கிளை பிரிந்தவுடனே அந்த வரையறை உடைந்துபோனது. மின்சாரத்துக்குக் கோடுகள் தெரியாது. ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் செம்பு முழுவதும் அதற்கு ஒரே புள்ளிதான். ஆகவே தொட்டுக்கொண்டிருக்கும் வயர்த்துண்டுகளையெல்லாம் ஒரே 'நெட்' ஆகக் கருதி, மதிப்பை அந்த நெட்டில் வைத்தோம். இரண்டு நெட்களை இணைப்பது எளிதாக இருந்தது. நடுவில் ஒரு துண்டை அழிக்கும்போது அது இரண்டாகப் பிரிகிறதா இல்லையா என்பதைச் சொல்ல, அந்த நெட்டின் துண்டுகளை முழுவதுமாக மறுபடி நடந்து பார்ப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி அகப்படவில்லை. சிறிய சுற்றுகளில் அந்தச் செலவு தெரியவில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டோம்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் தொடங்கியது. சுற்றின் வெளியீட்டைக் கணக்கிட நான் முதலில் எழுதியது தன்னையே அழைக்கும் ஒரு சிறிய செயற்கூறு. கடைசி கேட்டின் மதிப்பு வேண்டுமென்றால் அதன் உள்ளீடுகளின் மதிப்பைக் கேட்க வேண்டும்; அவை வேறு கேட்களிலிருந்து வருகின்றன என்றால் அந்த கேட்களைக் கேட்க வேண்டும்; இப்படியே பின்னோக்கிப் போய் ஸ்விட்சை அடைந்ததும் விடை கிடைத்துவிடும். முழுக்கூட்டி, டிகோடர், மல்டிப்ளெக்ஸர் எல்லாம் இதில் சரியாக இயங்கின. எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்று பட்டியலிடும் உண்மை அட்டவணையோடு ஒத்துப்பார்த்தபோது ஒரு வரிகூடத் தவறவில்லை.

முதல் அடி எதிர்பாராத இடத்தில் விழுந்தது. நான்கு நேண்ட் கேட்களால் (எல்லா உள்ளீடும் 1 என்றால் மட்டும் 0 தருபவை) ஓர் எக்ஸார் (இரண்டு உள்ளீடுகளும் வேறுபட்டால் 1 தருவது) அமைக்கலாம் என்பது எல்லோரும் படித்ததுதான். அப்படி அமைத்த எக்ஸார்களைத் தொடராகக் கோத்து, 16 பிட்டில் 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையா என்று சோதனை செய்யும் சுற்று ஒன்றை என் தோழி வரைந்தாள். ஸ்விட்சைத் தட்டினால் திரை சற்று நேரம் உறைந்து நின்று பிறகு நகர்ந்தது. அறுபது கேட் உள்ள சுற்றுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று தாளில் கணக்குப் போட்டோம். அந்த நான்கு நேண்ட் அமைப்பில் ஒவ்வோர் உள்ளீடும் மூன்று வழிகளில் வெளியீட்டை அடைகிறது. ஆகவே பின்னோக்கிக் கேட்கும்போது, ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்தைய கட்டத்தை மூன்று முறை கேட்கிறது. பதினைந்து கட்டங்கள் என்றால், கடைசி விடை ஒன்றைப் பெற முதல் எக்ஸார் 3இன் 14ஆம் அடுக்கு முறை, அதாவது 47,82,969 முறை கணக்கிடப்படுகிறது. கணக்கிட்டதைக் குறித்து வைத்துக்கொள்ளும் ஒரு வரியைச் சேர்த்தவுடன் இது தீர்ந்துவிட்டது. ஆனால் மின்சாரம் இப்படிப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டு போவதில்லையே என்ற உறுத்தல் எனக்கு அன்றுதான் முதலில் ஏற்பட்டது.

இரண்டாவது அடி தாங்க முடியாததாக இருந்தது. இரண்டு நேண்ட் கேட்களைக் குறுக்காக இணைத்து ஒரு பிட்டை நினைவில் வைக்கும் ஒரு லாட்ச் வரைந்தேன். முதல் கேட் இரண்டாவதைக் கேட்டது, இரண்டாவது முதலாவதைக் கேட்டது, அழைப்பு அடுக்கு நிரம்பி நிரல் நின்றுபோனது. கேட்களை முன்பின் வரிசைப்படுத்திவிட்டு இடமிருந்து வலமாகக் கணக்கிடலாம் என்று, ஆர்தர் கான் 1962இல் வெளியிட்ட வரிசைப்படுத்தும் முறையையும் எழுதிப் பார்த்தோம். சுழற்சி இருக்கும் இடத்தில் முன் எது, பின் எது என்ற கேள்விக்கே பொருளில்லை என்பதால் அதுவும் கைவிட்டது.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியை, "ஃப்ளிப்-ஃப்ளாப்பை ஒரே பெட்டியா வெச்சுடுங்களேன்ப்பா, உள்ளே போக வேணாம்" என்று சொன்னார். கால அட்டவணையைப் பார்த்தால் அது நியாயமான யோசனைதான். ஆனால் என்னால் அதை ஏற்க முடியவில்லை. நினைவகம் என்பது கேட்களுக்கு வெளியே இருக்கும் தனிப்பொருள் அல்லவே. 1918இல் பிரிட்டனில் எக்கில்ஸும் ஜோர்டனும் இரண்டு வெற்றிடக் குழாய்களின் வெளியீடுகளை ஒன்றின் உள்ளீட்டுக்கு மற்றொன்று போகும்படி இணைத்தபோது பிறந்ததுதான் ஒரு பிட்டை நினைவில் வைக்கும் ஃப்ளிப்-ஃப்ளாப். இணைப்பில்தான் நினைவு இருக்கிறது. அந்த இணைப்பைத் திறந்து காட்ட முடியாத சிமுலேட்டர் எங்கள் நோக்கத்துக்கே பயன்படாது. மேடமிடம் இதைச் சொன்னபோது, இரண்டு வாரம் தருகிறேன், முடியவில்லை என்றால் பெட்டிதான் என்று சொல்லிவிட்டார்.

அந்த இரண்டு வாரத்தில் எங்களுக்குக் கிடைத்த தெளிவு இதுதான்: நாங்கள் எழுதிய நிரலில் காலமே இல்லை. உண்மை அட்டவணையில் உள்ளீடுகளுக்கு நெடுவரிசைகள் உண்டு, வெளியீட்டுக்கு உண்டு, காலத்துக்கு இல்லை. 1937இல் எம்ஐடியில் முதுநிலை மாணவராக இருந்த 21 வயதுக் கிளாட் ஷானன், ஜார்ஜ் பூலின் இயற்கணிதத்தை ரிலே சுற்றுகளுக்குப் பொருத்திக் காட்டியதிலிருந்துதான் நம் பாடமே தொடங்குகிறது. அந்த இயற்கணிதத்தின் அழகில் எனக்கு இன்றும் மயக்கம் உண்டு. ஆனால், நாம் பாடத்தில் எழுதும் பூலியன் சமன்பாடு சொல்வது, எல்லாம் மாறி முடிந்து சுற்று அமைதியடைந்த பிறகு இருக்கும் நிலையை மட்டும்தான். அமைதியடைவதற்கு முன் நடப்பதை அது சொல்வதில்லை. சுழற்சி உள்ள சுற்றில் எல்லாமே அங்கேதான் நடக்கிறது.

ஆகவே பழைய நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு, நிகழ்வுகளை மையமாக வைத்து மறுபடி எழுதினோம். ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு தாமதம் உண்டு. ஒரு நெட்டின் மதிப்பு மாறினால், அந்த நெட்டோடு உள்ளீடு இணைந்திருக்கும் கேட்களை மட்டும் மறுபடி கணக்கிட வேண்டும். ஒரு கேட்டின் புதிய விடை பழைய விடையிலிருந்து வேறுபட்டால், "இன்ன நேரத்தில் இந்த நெட் இந்த மதிப்பைப் பெறும்" என்று ஒரு சீட்டை வரிசையில் போட வேண்டும். வரிசையிலிருந்து எப்போதும் நேரத்தால் முந்திய சீட்டையே எடுக்க வேண்டும். வரிசை காலியாகிவிட்டால் சுற்று அமைதியடைந்துவிட்டது என்று பொருள். தொழிலில் பயன்படும் வெரிலாக், விஹெச்டிஎல் என்ற சுற்று விவரிப்பு மொழிகளின் சிமுலேட்டர்களும் அடிப்படையில் இதே முறையில்தான் இயங்குகின்றன.

இதை லாட்ச்சில் வைத்துப் பார்த்த இரவை நான் மறக்க மாட்டேன். கேட் ஒன்றுக்கு 10 நானோ விநாடி தாமதம் என்று வைத்துக்கொண்டோம். செட், ரீசெட் என்ற உள்ளீடுகள் இரண்டும் 1; வெளியீடுகளில் க்யூ 0; அதன் தலைகீழான க்யூ பார் 1. நேரம் 0இல் செட்டை 0 ஆக்குகிறோம். முதல் நேண்ட் தன் உள்ளீடுகளாக 0, 1 ஆகியவற்றைப் பார்த்து, 10ஆம் நானோ விநாடியில் க்யூ 1 ஆகும் என்று சீட்டுப் போடுகிறது. 10இல் க்யூ 1 ஆனதும் இரண்டாம் நேண்ட் விழித்துக்கொண்டு, தன் இரண்டு உள்ளீடுகளும் 1 என்று கண்டு, 20இல் க்யூ பார் 0 ஆகும் என்று சீட்டுப் போடுகிறது. 20இல் அது நடந்ததும் முதல் நேண்ட் மறுபடி கணக்கிடப்படுகிறது; உள்ளீடுகள் இப்போது 0, 0; விடை 1; அது ஏற்கெனவே 1தான். புதிய சீட்டு இல்லை. வரிசை காலி. இப்போது செட்டை மறுபடி 1 ஆக்கினோம். முதல் நேண்டின் உள்ளீடுகள் 1, 0. விடை அதே 1. மறுபடியும் சீட்டு இல்லை. விரலை எடுத்த பின்னும் க்யூ 1 ஆகவே நின்றது. நினைவு வைத்துக்கொள்வதற்கென்று நாங்கள் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. எதுவும் மாறத் தேவையில்லை என்று இரண்டு கேட்களும் ஒன்றையொன்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். விடுதி அறையில் மணி இரண்டு இருக்கும். தோழியை எழுப்பிக் காட்டினேன்.

மறுநாள் காலை அதே சுற்றைப் புதிதாகத் திறந்தபோது உலாவி உறைந்துபோனது. புதிய சுற்றில் எல்லா நெட்களுக்கும் தொடக்க மதிப்பாக 0 கொடுத்திருந்தோம். செட்டும் ரீசெட்டும் 1 ஆக இருக்கும் நிலையில், இரண்டு நேண்ட்களும் மற்றொன்றின் 0ஐப் பார்த்து ஒரே நேரத்தில் 1 ஆயின. பிறகு மற்றொன்றின் 1ஐப் பார்த்து ஒரே நேரத்தில் 0 ஆயின. இப்படியே முடிவில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. வரிசை காலியாகவே இல்லை. உண்மையான ஐசியில் இரண்டு கேட்கள் அணுவளவும் வேறுபடாமல் இருப்பதில்லை. ஏதேனும் ஒன்று சற்று முந்திக்கொள்ள, லாட்ச் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அப்படியானால் மின்சாரம் வந்தவுடன் க்யூவின் மதிப்பு 0 என்று எங்கள் திரை சொல்வது பொய். 1 என்றாலும் பொய். தெரியாது என்று சொல்வதே நேர்மையானது. எனவே 'எக்ஸ்' என்ற மூன்றாவது மதிப்பைச் சேர்த்தோம். நேண்டின் ஓர் உள்ளீடு 0 என்றால் மற்றது எக்ஸ் ஆனாலும் விடை 1தான்; ஓர் உள்ளீடு 1, மற்றது எக்ஸ் என்றால் விடையும் எக்ஸ். லாட்ச் இப்போது எக்ஸில் தொடங்கி, யாராவது செட் அல்லது ரீசெட்டை அழுத்தும்வரை எக்ஸிலேயே இருந்தது. ரீசெட் இல்லாத கவுண்ட்டரை வரைபவர்களுக்குத் திரை முழுவதும் சிவப்பாக எக்ஸ் தெரியும். கவுண்ட்டருக்கு அதை 0 ஆக்கும் க்ளியர் பின் எதற்கு என்ற கேள்விக்கு வகுப்பில் கிடைக்காத விடை எனக்கு அந்தச் சிவப்பில்தான் கிடைத்தது.

எக்ஸுக்கும் ஒரு குறை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சிக்னலையும் அதன் தலைகீழையும் ஆண்ட் செய்தால் விடை எப்போதும் 0தான். ஆனால் அந்தச் சிக்னல் எக்ஸ் என்றால் தலைகீழும் எக்ஸ், இரண்டு எக்ஸ்களின் ஆண்டும் எக்ஸ் என்றே சிமுலேட்டர் சொல்லும். இரண்டும் ஒரே எக்ஸின் இரு முகங்கள் என்று அதற்குத் தெரியாது. தேவைக்கு அதிகமாக அஞ்சும் இந்தக் குணத்தை நாங்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்டோம். தெரியாததைத் தெரியும் என்று சொல்வதைவிட இது மேல்.

அடுத்த பிழை முழுக்க முழுக்க என்னுடையது. கேட்களால் ஆன ஃப்ளிப்-ஃப்ளாப் சரியாக இயங்கிய பிறகு, பெரிய சுற்றுகளில் வசதியாக இருக்கட்டும் என்று கிளாக் துடிப்பு எழும் கணத்தில் தன் டி உள்ளீட்டை எடுத்துக்கொள்ளும் டி ஃப்ளிப்-ஃப்ளாப்பை ஒரே பெட்டியாகவும் சேர்த்தோம். அதற்குத் தாமதம் 0 என்று வைத்திருந்தேன். தாமதம் 0 என்றால் சீட்டை வரிசையில் போடுவானேன், நேராக நெட்டில் எழுதிவிடலாம் என்று, வேகத்துக்காக ஒரு குறுக்குவழியும் வைத்தேன். நான்கு ஃப்ளிப்-ஃப்ளாப்களைக் கோத்து ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர் வரைந்தபோது, ஒரே கிளாக்கில் 1 முதல் கட்டத்திலிருந்து நான்காம் கட்டம்வரை ஓடிவிட்டது. தோழியின் கணினியில் அதே சுற்று கிளாக்குக்கு ஒரு கட்டமாக ஒழுங்காக நகர்ந்தது. இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை நாள் பார்த்தோம். வயரில் ஒரு வேறுபாடும் இல்லை. கடைசியில், நீ எந்தப் பக்கத்திலிருந்து வரைந்தாய் என்று அவள் கேட்டாள். நான் இடமிருந்து வலமாக வரைந்திருந்தேன்; அவள் வெளியீட்டில் தொடங்கி வலமிருந்து இடமாக வரைந்திருந்தாள். கிளாக் மாறியதும், வரைந்த வரிசையிலேயே ஃப்ளிப்-ஃப்ளாப்கள் கணக்கிடப்பட்டன. என் சுற்றில் முதலாவது உடனே தன் புதிய மதிப்பை எழுதிவிட, இரண்டாவது பழைய மதிப்பைப் பார்ப்பதற்குப் பதிலாக அந்தப் புதியதைப் பார்த்தது. வரைந்த வரிசை ஒரு சுற்றின் பொருளை மாற்றக் கூடாது. குறுக்குவழியை நீக்கி, ஒரே நேரத்துக்கு உரிய சீட்டுகளையெல்லாம் முதலில் எடுத்து நெட்களில் எழுதிவிட்டு, அதன் பிறகே கேட்களைக் கணக்கிடுவது, 0 தாமதச் சீட்டும் வரிசை வழியாகவே வருவது என்று இரண்டு கட்டமாக மாற்றினோம். விஹெச்டிஎல்லில் 'டெல்டா' என்று சொல்வது இதைத்தான் என்றும், வெரிலாக்கில் = என்றும் <= என்றும் உடனே எழுத ஒன்று, பிறகு எழுத ஒன்று என இரண்டு குறிகள் ஏன் இருக்கின்றன என்றும் எனக்குப் புரிந்தது அந்த அரை நாளில்தான். அதற்கு முன் அந்த இரண்டு குறிகளையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்துதான் வைத்திருந்தேன்.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று, தாமதத்தை உண்மைக்கு நெருக்கமாக ஆக்கப் போனபோது வந்தது. நேண்ட் கேட்கள் உள்ள சாதாரண 7400 ஐசியின் டேட்டாஷீட்டில், வெளியீடு 0இலிருந்து 1க்கு எழ வழக்கமாக 11 நானோ விநாடியும் 1இலிருந்து 0க்கு விழ 7 நானோ விநாடியும் ஆகும் என்று இருக்கும். எழுவதற்கு ஒரு தாமதம், விழுவதற்கு வேறொரு தாமதம் என்று வைத்தோம். உள்ளீட்டில் 2 நானோ விநாடி அகலமுள்ள ஒரு சிறு துடிப்பு வந்தபோது, வெளியீடு நிரந்தரமாக 1இல் மாட்டிக்கொண்டது; உண்மை அட்டவணைப்படி அது 0 ஆக இருக்க வேண்டும். சீட்டுகளை அச்சிட்டுப் பார்த்தோம். நேரம் 0இல், "11இல் எழு" என்று ஒரு சீட்டு. நேரம் 2இல் உள்ளீடு திரும்பியதும், "9இல் விழு" என்று இன்னொரு சீட்டு. பின்னால் எழுதிய சீட்டு முன்னால் வந்துவிட்டது. 9இல் விழச் சொன்னபோது வெளியீடு ஏற்கெனவே 0, ஆகவே ஒன்றும் நடக்கவில்லை. 11இல் எழச் சொன்ன பழைய சீட்டு வந்து அதை 1 ஆக்கிவிட்டுப் போனது. ஒரு கேட் புதிய முடிவுக்கு வந்துவிட்டால் அதன் பழைய சீட்டு செல்லாது என்பதே தீர்வு. நிலுவையில் இருக்கும் சீட்டை ரத்து செய்யும் இந்த ஏற்பாட்டால், தன் தாமதத்தைவிடக் குறுகிய துடிப்பை கேட் விழுங்கிவிடுகிறது. உண்மையான கேட்டும் மந்தமானது என்பதால் ஏறத்தாழ அப்படித்தான் செய்கிறது.

காலம் நிரலுக்குள் வந்த பிறகு, அதைக் கண்ணால் பார்க்க ஓர் அலைவடிவச் சாளரம் சேர்த்தோம். எனக்கு இந்தப் புராஜெக்ட்டில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். அதில் முதலில் பார்த்தது, இரண்டு தரவுகளில் ஒன்றைத் தேர்வுக் கோட்டின்படி வெளியே விடும் ஒரு சாதாரண மல்டிப்ளெக்ஸர். இரண்டு ஆண்ட், ஓர் ஆர், ஒரு நாட். எல்லாவற்றுக்கும் 10 நானோ விநாடி. இரண்டு தரவு உள்ளீடுகளும் 1. தேர்வுக் கோட்டை 1இலிருந்து 0 ஆக்கினால், இந்த 1ஐ விட்டுவிட்டு அந்த 1ஐ எடுத்துக்கொள்ளப் போகிறது. வெளியீடு 1 ஆகவே இருக்க வேண்டும். உண்மை அட்டவணையும் அதையே சொல்கிறது. ஆனால் அலைவடிவத்தில் 20ஆம் நானோ விநாடியில் ஒரு பள்ளம் விழுந்து 30இல் மேலேறியது. முதல் ஆண்ட் 10இலேயே அணைந்துவிட்டது. இரண்டாம் ஆண்டுக்குப் போகும் வழியில் நாட் இருப்பதால் அது 20இல்தான் எழுந்தது. நடுவில் ஆர் கேட்டுக்கு இரண்டு பக்கமும் 0 தெரிந்தது. ஒரு விநாடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரம் நீடிக்கும் அந்தப் பள்ளத்தை ஆய்வகத்து எல்இடியில் எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. ஆனால் அந்த வெளியீடு ஒரு கவுண்ட்டரின் கிளாக்குக்குப் போனால், கவுண்ட்டர் அதைப் பார்க்கக் கூடும். எண்ணிக்கையில் ஒன்று கூடிவிடும்.

இதற்குத் தீர்வு, இரண்டு தரவு உள்ளீடுகளையும் நேராக ஆண்ட் செய்து மூன்றாவது உறுப்பாக ஆர் கேட்டில் சேர்ப்பது. அந்த உறுப்பு, சமன்பாட்டைச் சுருக்க உதவும் கார்னோ வரைபடத்தில் தேவையற்றது என்று நாம் வட்டமிடாமல் விடும் உறுப்பேதான். தேர்வில் அதைச் சேர்த்து எழுதினால், சுருக்கவில்லை என்று மதிப்பெண் குறையும். சுருக்கக் கற்றுக்கொடுப்பது தவறில்லை. ஆனால் எதைச் சுருக்குகிறோம், அதற்கு விலையாக எதைக் கொடுக்கிறோம் என்று அதே வகுப்பில் ஓர் அலைவடிவம் வரைந்து காட்டினால் மாணவர்களுக்கு எவ்வளவோ தெளிவு கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாம் செமஸ்டரில் என்னை அலைக்கழித்த கவுண்ட்டரையும் வரைந்து பார்த்தேன். ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்பின் வெளியீடே அடுத்ததன் கிளாக்காக இருக்கும் ரிப்பிள் கவுண்ட்டர் அது. 7இலிருந்து 8க்குப் போகும் இடத்தை அலைவடிவத்தில் பெரிதாக்கினால், 7, 6, 4, 0, 8 என்று ஐந்து எண்கள் தெரிந்தன. கடைசி பிட் விழ, அது அடுத்ததை விழவைக்க, அது அதற்கடுத்ததை விழவைக்க, மூன்றும் விழுந்த பிறகே நான்காவது எழுகிறது. எல்இடிகளில் 7க்குப் பிறகு 8 என்றுதான் எப்போதும் பார்த்திருக்கிறேன். இடையில் மூன்று எண்கள் இருந்தன என்பதை, ஐசியைக் கையில் வைத்திருந்த காலத்தில் நான் அறியவில்லை.

சோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 4 பிட் கூட்டிக்கு உள்ளீடு மொத்தம் 9 பிட் என்பதால் 512 சேர்க்கைகளையும் ஓட்டி, ஜாவாஸ்கிரிப்ட்டின் கூட்டலோடு ஒத்துப்பார்த்தோம். கேட்களை வரைந்த வரிசையைக் குலுக்கிவிட்டு மறுபடி ஓட்டி, அலைவடிவம் ஒரு நானோ விநாடிகூட மாறாமல் இருக்கிறதா என்றும் பார்த்தோம். ஷிஃப்ட் ரெஜிஸ்டர் பிழைக்குப் பிறகு இந்தச் சோதனை இல்லாமல் எந்த மாற்றத்தையும் ஏற்றுக்கொள்வதில்லை என்று முடிவு செய்திருந்தோம். பல கேட்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுவான வயரான பஸ்ஸுக்காக, வயரை விட்டுவிட்ட நிலையைக் குறிக்கும் 'இசட்' என்ற நான்காவது மதிப்பையும் கடைசி வாரத்தில் சேர்த்தோம். இரண்டு கேட்கள் ஒரே நெட்டில் எதிரெதிர் மதிப்பை எழுதினால் அந்த நெட் எக்ஸ் ஆகி, வயர் சிவப்பாகும்.

இறுதி ரிவியூவில் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், லாஜிஸிம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டார். நான் மல்டிப்ளெக்ஸரைத் திறந்து, தேர்வுக் கோட்டைத் தட்டி, அந்த 10 நானோ விநாடிப் பள்ளத்தைக் காட்டினேன். பிறகு மூன்றாவது ஆண்ட் கேட்டைச் சேர்த்து மறுபடி தட்டினேன். கோடு நேராக இருந்தது. அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, மூன்று நாட் கேட்களை வளையமாக இணைத்துக் காட்டச் சொன்னார். ஸ்விட்சால் ஒரு முறை தெரிந்த நிலைக்குக் கொண்டுவர, ஒரு நாட்டுக்குப் பதிலாக நேண்ட் வைத்து வரைந்தேன். ஸ்விட்சை 1 ஆக்கியதும், 30 நானோ விநாடி மேலே, 30 நானோ விநாடி கீழே என்று அது அலைந்துகொண்டே இருந்தது. இந்த முறை வரிசை காலியாகாமல் இருந்தது பிழையல்ல. சுற்றின் இயல்பே அதுதான். உலாவி உறையாமலிருக்க, ஒரு தடவைக்கு இத்தனை சீட்டு என்று வரம்பு வைத்திருந்ததால் அலைவடிவம் நகர்ந்துகொண்டே போனது. "இதைத்தான்ம்மா பாக்கணும்னு நெனச்சேன்" என்றார்.

இன்னும் முடிக்காத வேலை ஒன்று இருக்கிறது. சாதாரண 7474 ஃப்ளிப்-ஃப்ளாப்பில், கிளாக் எழுவதற்கு 20 நானோ விநாடி முன்பிருந்தே டி உள்ளீடு அசையாமல் இருக்க வேண்டும். கிளாக் எழுந்த பிறகும் 5 நானோ விநாடி அப்படியே நிற்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் டி மாறினால் வெளியீடு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எங்கள் பெட்டி இப்போது கிளாக் எழும் கணத்தில் டி என்னவோ அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்கிறது. டி கடைசியாக மாறிய நேரத்தை ஒவ்வொரு பெட்டியிலும் குறித்துவைத்து, இடைவெளிக்குள் மாறியிருந்தால் க்யூவை எக்ஸ் ஆக்கும் மாற்றத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன். 20 நானோ விநாடி முன்பக்கச் சோதனை நேற்று ஓடிவிட்டது. பின்பக்கத்து 5 நானோ விநாடிக்கு, கிளாக் எழுந்தபோதே போட்டுவிட்ட சீட்டைத் திரும்ப எடுத்து மாற்றி எழுத வேண்டும். அந்தப் பகுதியை இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.